லா காலேஜ் டிராஃப்டிங் பேப்பர் ரிவியூ: 30 எக்சர்சைஸ், ஒரு ரெக்கார்டு நோட்டு, கந்தசாமி வீட்டுக்கு வடக்கு

புது மிக்ஸி வாங்கினா அன்னிக்கே ரிவியூ போட்டுடறோம், மூணு வருஷம் உக்காந்து படிச்ச படிப்புக்கு யாரும் போடறதில்ல. அட்மிஷன் நேரம் வந்தாலே "அண்ணா லா சேரலாமா, டிராஃப்டிங்லாம் சொல்லித் தருவாங்களா"ன்னு மெசேஜ் வந்துட்டே இருக்கு, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதனால மொத்தமா இங்க எழுதிடறேன். மொத்தப் படிப்புக்கும் இல்ல, ஒரே ஒரு பேப்பருக்கு மட்டும். டிராஃப்டிங், பிளீடிங், கன்வேயன்சிங்னு ஒண்ணு வரும், சுருக்கமா டிபிசி. பிளைன்ட் (கோர்ட்ல வழக்குப் போடறப்ப குடுக்கற வழக்குரை), பெயில் மனு, கிரயப் பத்திரம், உயில், வக்கீல் நோட்டீஸ், இதையெல்லாம் எழுதக் கத்துக்கற பேப்பர். வெளிய வந்தா நமக்கு சோறு போடறது இதுதான், ஜூரிஸ்புருடன்ஸ்ங்கற சட்டத் தத்துவப் பேப்பர் சத்தியமா இல்ல.

நான் 2021ல சேந்து 2024ல முடிச்சேன், மூணு வருஷ கோர்ஸ், இப்ப ஒரு தாலுகா டவுன்ல சீனியர் ஒருத்தர்கிட்ட ஜூனியர். காலேஜ் பேர் சொல்லமாட்டேன், சர்ட்டிஃபிகேட் ஒண்ணு இன்னும் வாங்க வேண்டியிருக்கு. மத்த காலேஜ்ல படிச்ச ஃப்ரெண்ட்ஸ்கிட்ட கேட்டா அவங்க கதையும் கிட்டத்தட்ட இதேதான்.

முதல்ல இந்தப் பேப்பர் எப்படி இருக்கணும்னு சொல்லிடறேன், ஏன்னா பேப்பர்ல பாத்தா ரொம்ப நல்லா இருக்கும். பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவோட 2008 விதிகள்ல இது கட்டாயமான கிளினிக்கல் பேப்பர், அதாவது செஞ்சு பாத்துக் கத்துக்கற பேப்பர். டிராஃப்டிங்ல கொறஞ்சது 15 எக்சர்சைஸ், ஒவ்வொண்ணுக்கும் 3 மார்க், ஆக 45. பத்திரம் எழுதறதுல இன்னொரு 15, அதுக்கும் 45. மிச்சம் 10 மார்க் வைவா. கூடுமானவரைக்கும் பிராக்டிஸ்ல இருக்கற வக்கீல், ரிட்டையர்டு ஜட்ஜ் இவங்களை வச்சு, நிஜ கேஸ் மாதிரி செஞ்சு பாத்து சொல்லித் தரணும்னு அதுலயே எழுதியிருக்கு. ஒரு மனுஷன் 30 டாகுமெண்ட் சொந்தமா யோசிச்சு எழுதி, அதை ஒருத்தர் திருத்திக் கொடுத்தா, அவன் முதல் நாளே ஆபீஸ்ல போய் உக்காந்து வேலை பாக்கலாம். அதுல சந்தேகமே இல்ல.

ஆனா நடந்தது வேற.

முதல் வாரமே என்ன சொன்னாங்கன்னா ரெக்கார்டு நோட்டு வாங்கிக்கோங்க, பெருசு, அட்டை போட்டது, ஒரு பக்கம் ரூல் ஒரு பக்கம் அன்ரூல். கேட் எதிர்ல இருக்கற ஜெராக்ஸ் கடைக்காரருக்கு எந்தப் பேப்பருக்கு எந்த நோட்டுன்னு எங்களைவிட நல்லா தெரியும். அதோட கூடவே சீனியர் ஒருத்தரோட பழைய ரெக்கார்டு ஜெராக்ஸும் ஸ்பைரல் போட்டு ரெடியா வச்சிருப்பார். ரெண்டையும் வாங்கிட்டு வந்து, ஹாஸ்டல் மொட்டை மாடியில உக்காந்து, பாட்டு கேட்டுக்கிட்டே காப்பி அடிக்க வேண்டியது. தேதியையும் பேரையும் மட்டும் மாத்தணும், அதைக்கூட பாதி பேர் மாத்தமாட்டாங்க, என் ஃப்ரெண்ட் ஒருத்தனோட பிளைன்ட்ல வாதிக்கு 1998ல வழக்கு மூலம் (வழக்குப் போடறதுக்கான காரணம்) எழுந்திருந்துச்சு, அவன் பொறந்ததே 1999ல. மார்ஜின் கோடு நேரா இல்லன்னா கையெழுத்து கிடையாது, தலைப்பு கருப்பு பேனாவுல இல்லன்னா கையெழுத்து கிடையாது, உள்ள என்ன எழுதியிருக்குன்னு பாக்கறதுக்கு மட்டும் நேரம் கிடையாது. 90 பேரோட நோட்டு, ஆளுக்கு 30 எக்சர்சைஸ், ஒரே ஒரு மேடம். அவங்க மேல எனக்குக் கோபம் இல்ல, 2700 டாகுமெண்டை யாரால படிக்க முடியும்.

இந்த ரெக்கார்டுல 19ஆவது எக்சர்சைஸ் கிரயப் பத்திரம். அதுல ஒரு தப்பு இருந்துச்சு, அதைப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும். சொத்து விவரம் எழுதும்போது நாலு எல்லை, நம்ம ஊர்ல செக்குபந்தின்னு சொல்லுவாங்க, அதை இங்கிலீஷ்ல எழுதினா "வடக்கே கந்தசாமி வீடு, தெற்கே பொதுப்பாதை"ங்கற மாதிரி வரும், அதாவது நம்ம மனைக்கு எந்தப் பக்கம் என்ன இருக்குன்னு. தமிழ்ப் பத்திரத்துல பழைய வழக்கம் அப்படியே தலைகீழ். "கந்தசாமி வீட்டுக்குத் தெற்கு, பொதுப்பாதைக்கு வடக்கு, இதன் மத்தியில் உள்ள மனை"ன்னு வரும், கந்தசாமி வீட்டுல நின்னு பாத்தா நம்ம மனை எந்தப் பக்கம்னு. ரெண்டும் ஒரே இடத்தைத்தான் சொல்லுது, நிக்கற இடம்தான் வேற. இது தெரியாத எவனோ ஒரு மகராசன், எந்த வருஷ பேட்ச்னு தெரியல, இங்கிலீஷ் ஃபார்மட்டைப் பாத்து "கந்தசாமி வீட்டுக்கு வடக்கு, பொதுப்பாதைக்குத் தெற்கு"ன்னு தமிழ்ல எழுதி வச்சிட்டான். அடுத்த பேட்ச் அதைப் பாத்து எழுதுச்சு, அதுக்கு அடுத்த பேட்ச் அதைப் பாத்து எழுதுச்சு, நானும் எழுதினேன். பச்சை மை கையெழுத்து வாங்கினேன். 3க்கு 3 மார்க்.

போன தை மாசம் சீனியர் முதல் தடவையா என்னை நம்பி ஒரு கிரயப் பத்திரம் எழுதச் சொன்னார், 3 சென்ட் மனை. நானும் ரெக்கார்டு ஃபார்மட்ல ஊர் பேர், சர்வே நம்பர் எல்லாம் மாத்திப் போட்டு பிரிண்ட் எடுத்து பெருமையா நீட்டினேன். எங்க ஆபீஸ் குமாஸ்தா அண்ணன், 30 வருஷமா இதே வேலை, கண்ணாடியை ஏத்திவிட்டு செக்குபந்தியை மட்டும்தான் படிச்சார். "தம்பி, மனை பக்கத்து வீட்டுக்கு வடக்கேயும் இருக்கணுமாம், ரோட்டுக்குத் தெற்கேயும் இருக்கணுமாம். அந்த வீடே ரோட்டுக்கு வடக்கேதான இருக்கு. அப்படி ஒரு இடம் பூமியிலயே கிடையாதேப்பா, பார்ட்டி எதை வாங்கறாரு"ன்னு கேட்டார். எனக்கு வேர்த்துடுச்சு. இது பதிவாகியிருந்தா பிழைத்திருத்தல் பத்திரம் போடணும், அதுக்கு வித்தவரே திரும்ப வந்து கையெழுத்துப் போடணும், பணத்தை வாங்கிட்டுப் போனவரை மறுபடி ரிஜிஸ்டர் ஆபீஸுக்குக் கூட்டிட்டு வர்றது எவ்வளவு கஷ்டம்னு கூட்டிட்டு வந்தவங்களுக்குத்தான் தெரியும். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம்னு கட்டிட்டு இல்லாத மனையை வாங்கியிருப்பார் அந்த மனுஷன்.

சரி, நல்லதும் சொல்லணும். பத்திரத் தமிழ் இருக்கே, அது எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. "சர்வ சுதந்திர பாத்தியத்துடன் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது"ன்னு எழுதும்போது ஏதோ செப்பேடு வெட்டற மாதிரி ஒரு கெத்து வரும். புரோநோட்ல "தாங்கள் கேட்கும்போது தங்களுக்கோ தங்கள் உத்தரவு பெற்றவருக்கோ"ன்னு வரும்ல, நான் அதை சும்மா மரியாதைக்கு எழுதறாங்கன்னு நெனச்சிட்டிருந்தேன், அப்புறம்தான் தெரிஞ்சுது அந்த "உத்தரவு" செலாவணி முறிச் சட்டத்துலேருந்து வர்ற வார்த்தை, அது இருந்தா நோட்டை இன்னொருத்தருக்கு எழுதிக்கொடுக்கறதுல வம்பு வராது. இதையெல்லாம் கிளாஸ்ல யாராவது ஒரு வாட்டி நின்னு சொல்லியிருந்தா மறக்கவே மறக்காது. எதை எடுத்தா பத்திரம் விழுந்துடும், எதை எடுத்தா வெறும் அழகு மட்டும் போகும்னு பிரிச்சுத் தெரியறதுதான இந்தத் தொழிலே. புத்திர பௌத்திரரைத் தூக்கிட்டா ஒண்ணும் ஆகாது, தானப் பத்திரத்துல வாங்கறவர் ஏத்துக்கிட்டார்ங்கறதையும் ரெண்டு சாட்சியையும் தூக்கிட்டா தானம் செல்லுமாங்கறதே கேள்வி ஆயிடும். ரெக்கார்டுல ரெண்டுமே ஒரே கையெழுத்துல, ஒரே சைஸ்ல இருக்கு.

மேடமுக்கும் நியாயம் செய்யணும். சிபிசியில, அதாவது சிவில் நடைமுறைச் சட்டத்துல, ஆர்டர் 6 ரூல் 2, பிளீடிங்ல சங்கதியை மட்டும் சொல்லு, சாட்சியத்தைச் சொல்லாத, இதை அவங்க ஒரு மணி நேரம் எடுத்தாங்க, இன்னிக்கும் ஞாபகம் இருக்கு. "வாதி கடன் கொடுத்தார், பிரதிவாதி திருப்பித் தரல, இது சங்கதி. அன்னிக்கு மழை பெஞ்சுது, மாமா குடை பிடிச்சிட்டு வந்தாரு, டீக்கடைக்காரர் பாத்தாரு, இதெல்லாம் கூண்டுல ஏறினப்புறம் சொல்லு"ன்னாங்க. அப்புறம் செக் பவுன்ஸ் நோட்டீஸ் மட்டும் எங்களை சொந்தமா எழுத வச்சாங்க. பேங்க் மெமோ தகவல் கிடைச்ச 30 நாளைக்குள்ள நோட்டீஸ், நோட்டீஸ் போய்ச் சேந்ததுலேருந்து 15 நாள் அவகாசம், அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்குள்ள கம்ப்ளெயின்ட். நான் வட்டி, மன உளைச்சல், நோட்டீஸ் செலவு எல்லாத்தையும் கூட்டி ஒரே மொத்தமா கேட்டிருந்தேன். சிவப்பு மையில வட்டம் போட்டு, செக் தொகை எவ்வளவோ அதைத் தனியா, தெளிவா கேளு, மத்ததை வேணும்னா பிரிச்சுக் கேளு, கலந்து கேட்டா எதிராளி வக்கீல் அதையே பிடிச்சுத் தொங்குவார்னு எழுதியிருந்தாங்க. 30ல இந்த ஒண்ணு மட்டும்தான் நான் எழுதினது. இதுல மட்டும்தான் எனக்கு மார்க் கொறஞ்சுது, 3க்கு 1.5.

இப்ப சனிக்கிழமை வகுப்பு. இந்த ரிவியூ எழுத உக்காந்ததே பாதி இதுக்காகத்தான்.

சட்டங்களுக்குப் பொருள் கொள்றது எப்படின்னு தனியா ஒரு பேப்பர் இருக்கும்ல, அதுக்கு சேத்து ஆறு சனிக்கிழமை ஒரு ரிட்டையர்டு ஆபீசரைக் கூட்டிட்டு வந்தாங்க. கோட்டையில சட்டத்துறையில மசோதா எழுதற வேலை பாத்தவர். அட்டெண்டன்ஸ் கிடையாது, மார்க் கிடையாது, அதனால 90 பேர்ல 14 பேர்தான் போனோம், அதுலயும் ரெண்டு பேர் ஏசி ரூம்னு வந்தவங்க. அவர் வந்ததும் "உங்க ஹாஸ்டல்ல எதுக்கு அடிக்கடி சண்டை வருது"ன்னு கேட்டார். அயர்ன் பாக்ஸ் சார், ஃபியூஸ் போயிடும்னோம். "சரி, அதுக்கு ஒரு சட்டம் எழுதுங்க"ன்னார்.

எழுதினோம், ஒரே வரி: எந்த மாணவரும் அறையில் இஸ்திரிப் பெட்டி பயன்படுத்தக் கூடாது. சுலபமா முடிஞ்சுதுன்னு நெனச்சோம். அவர் ஒவ்வொண்ணா ஆரம்பிச்சார். வராண்டாவுல தேச்சா? உன் ரூமுக்கு வந்த உன் அண்ணன் தேச்சா, அவன் மாணவன் இல்லையே? கரிப்பெட்டி வச்சுத் தேச்சா ஃபியூஸ் போகாதே, அதையும் ஏன் தடுக்கற? பொண்ணுங்க ஹாஸ்டல்ல முடி நேராக்கற மெஷின் இருக்கே, அது இஸ்திரிப் பெட்டியா? பெட்டி வச்சிருக்கலாமா, பயன்படுத்தறதுதான் தப்பா, அப்ப பயன்படுத்தினதை யார் பாத்தது? ரூமுக்குள்ள வந்து தேட வார்டனுக்கு யார் அதிகாரம் குடுத்தா? அபராதம் எவ்வளவு, அதை எதிர்த்து யார்கிட்ட போறது? இன்னிக்கு சட்டம் போட்டுட்டு நேத்து தேச்சவனுக்கு ஃபைன் போடமுடியுமா? கடைசி கேள்விக்கு மட்டும் எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு டக்குனு அரசியல் சட்டம் ஆர்ட்டிகிள் 20னு சொல்லுச்சு, செஞ்ச நேரத்துல குத்தமா இல்லாததுக்கு அப்புறம் வந்த சட்டத்தை வச்சு தண்டிக்க முடியாது. அவர் முகத்துல அப்ப ஒரு சந்தோஷம் வந்துச்சு பாருங்க.

அந்த ஒரு வரி ஆறாவது சனிக்கிழமை 11 பிரிவா ஆயிடுச்சு. குறுந்தலைப்பு, எதுக்கெல்லாம் பொருந்தும், எப்பலேருந்து அமலுக்கு வரும், வரையறை, தடை, விதிவிலக்கு, சோதனை அதிகாரம், தண்டனை, மேல்முறையீடு, விதி செய்யற அதிகாரம், பழைய சுற்றறிக்கையை ரத்து பண்ணி அதுவரைக்கும் நடந்ததைக் காப்பாத்தற பிரிவு. அதுக்கு மேல நோக்கக் காரண விளக்கவுரை, காசு செலவாகும்னா நிதிக் குறிப்பு, விதி செய்ய அதிகாரம் குடுத்தா அதுக்கு ஒரு குறிப்பு. வரையறையில "என்றால்"னு போடறதுக்கும் "உள்ளடக்கும்"னு போடறதுக்கும் இருக்கற வித்தியாசத்துக்கு மட்டும் ஒரு முழு வகுப்பு போச்சு. "என்றால்"னு போட்டா கதவைச் சாத்திட்ட, உள்ள இருக்கறது மட்டும்தான். "உள்ளடக்கும்"னு போட்டா கதவு திறந்திருக்கு, யாரு வேணா உள்ள வரலாம், முடி நேராக்கற மெஷினும் வரும், இட்லி வேகவைக்கற குக்கரும் வரும். "அவன்"னு எழுதினா பொண்ணுங்களுக்குப் பொருந்துமான்னு ஒருத்தன் கேட்டான், பொதுப் பிரிவுகள் சட்டம்னு ஒண்ணு 1897லேயே இருக்கு, ஆண்பால்னு எழுதினா பெண்பாலும் சேரும், மாசம்னா என்ன, நபர்னா யார் எல்லாம் அதுல இருக்கு, நம்ம மாநிலத்துக்குத் தனியா 1891லேருந்தே ஒண்ணு இருக்குன்னார். மூணு வருஷத்துல வேற யாரும் எனக்கு இதைச் சொல்லல.

தமிழ்லயே மசோதா எழுதலாமே சார்னு நான் கேட்டேன். எழுதலாம், பேரவையில தமிழ்ல வைக்கலாம், ஆனா ஆர்ட்டிகிள் 348படி இங்கிலீஷ் வாசகம்தான் அதிகாரபூர்வமானதா எடுத்துப்பாங்க, சண்டைன்னு வந்தா கோர்ட் அதைத்தான் திறக்கும்னார். சொல்லும்போது அவர் குரல்ல கொஞ்சம் வருத்தம் இருந்த மாதிரி எனக்குத் தோணுச்சு, எனக்கு மட்டும் தோணியிருக்கலாம்.

அவர் சொன்ன ஒரு நிஜ கேஸ்தான் என்னை உலுக்கிடுச்சு. போதைப்பொருள் தடுப்புச் சட்டம், என்டிபிஎஸ் ஆக்ட். அதுல 27ஏ பிரிவு, போதைக் கடத்தலுக்குப் பணம் போடறவனுக்கு 10 வருஷத்துலேருந்து 20 வருஷம் வரைக்கும் தண்டனை. எந்தெந்தக் காரியத்துக்குப் பணம் போட்டான்னு அந்தப் பிரிவு தனியா சொல்லாது, 2ஆம் பிரிவுல 8-ஏ உட்பிரிவைப் பாருன்னு கை காட்டும். 2014ல சட்டத்தைத் திருத்தினாங்க, அத்தியாவசிய போதை மருந்துன்னு புதுசா ஒரு வரையறையை 8-ஏன்னு நுழைச்சு, பழைய 8-ஏவை 8-பின்னு தள்ளி வச்சாங்க. 27ஏவுல கை காட்டற இடத்தை மட்டும் மாத்த மறந்துட்டாங்க. அதாவது கடத்தலுக்குப் பணம் போடறதுக்கான தண்டனைப் பிரிவு இப்ப மருந்து வரையறையைக் காட்டிட்டு நிக்குது. ஏழு வருஷம். 2021ல திரிபுரா ஹைகோர்ட் வரைக்கும் விஷயம் போய், கோர்ட் உடனே திருத்துங்கன்னு சொல்லி, செப்டம்பர்ல அவசரச் சட்டம், டிசம்பர்ல பார்லிமென்ட்ல திருத்தச் சட்டம், அதையும் 2014 மே 1லேருந்தே அமல்னு பின்தேதி போட்டு. ஒரு எழுத்து சார், ஒரே ஒரு எழுத்து. "இதை டிராஃப்ட் பண்ணவங்களுக்கு எங்களைவிட அறிவு கம்மியா என்ன, 27ஏவைத் திறந்து திரும்ப ஒரு வாட்டி படிக்கல, அவ்வளவுதான்"னார். அன்னிக்கு இதைக் கேட்டு வாயைப் பொளந்துட்டு உக்காந்திருந்த நான்தான் அதே ராத்திரி மொட்டை மாடிக்குப் போய் 19ஆவது எக்சர்சைஸை படிச்சுக்கூடப் பாக்காம காப்பி அடிச்சேன், அதையும் இங்க ஒத்துக்கணும்.

வைவா பத்தி ஒரு பாரா. வெளியிலேருந்து வந்த எக்சாமினர், உயிலுக்கு சாட்சி எத்தனை பேர்னார், ரெண்டுன்னேன். ஏன் ரெண்டுன்னார், செக்ஷன் 63னேன். "அது நம்பர்ப்பா, காரணம் இல்ல"ன்னு சிரிச்சிட்டு அனுப்பிட்டார், 10க்கு 8. காரணம் ஆபீஸ்லதான் கத்துக்கிட்டேன், எழுதினவர் இல்லாத காலத்துல கோர்ட்டுக்கு வர்ற டாகுமெண்ட் அது, அப்ப சாட்சியில ஒருத்தராவது உயிரோட இருந்து வந்து கூண்டுல ஏறணும், அதனால எங்க சீனியர் உயிலுக்கு சாட்சி பிடிக்கும்போது முதல்ல வயசைத்தான் கேப்பார்.

பிராக்டிஸ்ல இந்தப் படிப்பு எந்த அளவுக்குத் தாங்குச்சுன்னு பாத்தா, சுமார்தான். என் முதல் பாகப்பிரிவினை பிளைன்ட்ல "வாதி சொத்தின் அனுபவத்தில் இல்லை"ன்னு ஒரு வரி போட்டிருந்தேன், படிக்கறவங்களுக்குப் பாவமா இருக்கட்டும்னு ஒரு உருக்கத்துக்கு எழுதினது. சீனியர் அதைப் படிச்சிட்டு பேனாவைக் கீழ வச்சிட்டார். தமிழ்நாடு கோர்ட் ஃபீஸ் சட்டத்துல 37(1), அனுபவத்துலேருந்து வெளிய தள்ளப்பட்டவர் தன் பங்கோட மார்க்கெட் மதிப்புக்கு ஃபீஸ் கட்டணும். 37(2), கூட்டு அனுபவத்துல இருக்கறவருக்கு ஒரு நிலையான சின்னத் தொகைதான். நிஜத்துல அந்தக் கட்சிக்காரர் அந்த வீட்டுலயே ஒரு ரூம்ல குடியிருக்கார். என் உருக்கத்துக்கு அவர் லட்சக்கணக்குல ஃபீஸ் கட்டியிருப்பார். ரெக்கார்டுல இந்த ஃபீஸ் கணக்கைச் சொல்ற மதிப்பீட்டுப் பாரான்னு ஒண்ணு இருக்கும், கடைசியில, எல்லாரும் கண்ணை மூடிட்டு காப்பி அடிக்கற பாரா. நிஜத்துல ஃபைலிங் செக்ஷன்ல முதல்ல திறந்து பாக்கறதே அதைத்தான்.

அதே மாதிரி எதிருரை, அதாவது பிளைன்ட்டுக்கு பிரதிவாதி குடுக்கற பதில். ரெக்கார்டுல "வழக்குரையில் கண்ட சங்கதிகள் யாவும் பொய்"னு ஒரே போடா போட்டு முடிச்சிருக்கும். சிபிசி ஆர்டர் 8ல அது செல்லாது, ஒவ்வொரு சங்கதியையும் தனித்தனியா மறுக்கணும், மறுக்காம விட்டது ஒத்துக்கிட்ட மாதிரி. வாடகை ஒப்பந்தம் எக்சர்சைஸ்ல 11 மாசம்னு இருக்கும், ஏன் 11னு கேட்டா யாருக்கும் தெரியாது, ஒரு வருஷத்துக்கு மேல போனா பதிவு கட்டாயம்ங்கறதுக்காக வந்த பழக்கம் அது. தமிழ்நாட்டுல 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்தப்புறம் எத்தனை மாசமா இருந்தாலும் எழுத்துல ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரிகிட்ட பதியணும், அதைப் பத்தி ரெக்கார்டுல மூச்சே இல்ல. கிரிமினல் பக்கம் இன்னும் கூத்து. நாங்க 2024ல வெளிய வர்றோம், ஜூலை 1 சிஆர்பிசிங்கற பழைய குற்ற நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலா பிஎன்எஸ்எஸ் வருது. படிச்ச நம்பர் பூரா வீண். அதுலயும் 482ன்னா பழைய சிஆர்பிசியில ஹைகோர்ட்ல கேஸை ரத்து பண்ணச் சொல்லிப் போடற மனு, இப்ப 482ன்னா முன்ஜாமீன். வக்கீல் சங்கத்துல உக்காந்து "ஒரு 482 போடணும்"னு ஒருத்தர் சொன்னா எதுன்னு இன்னும் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டியிருக்கு. சட்டம் மாறினதுக்கு காலேஜைத் திட்ட முடியாதுதான், ஆனா இப்ப படிக்கற ஜூனியர்ஸ் ரெக்கார்டுலயும் பெயில் மனு 439லயே இருக்குன்னு கேள்விப்பட்டேன், 483 ஆகி எவ்வளவு நாள் ஆச்சு. இ-ஃபைலிங் பத்தி ஒரு வரி இல்ல, ஸ்கேன் பண்ணி பிடிஎஃப் ஏத்தறதுல நான் முதல் மாசம் பட்ட பாட்டை தனியா எழுதணும்.

ஸ்டார் கேப்பீங்க. டிபிசி பேப்பர், இப்ப நடத்தற விதத்துக்கு, 5க்கு 2. அந்த ரெண்டுல ஒண்ணு செக் நோட்டீஸுக்கு, ஒண்ணு பத்திரத் தமிழுக்கு. சனிக்கிழமை வகுப்புக்கு 5க்கு 5, ஆனா அது எல்லா வருஷமும் கிடையாது, எங்களுக்கு அடுத்த பேட்ச்சுக்கு ஆள் வராததால நிறுத்திட்டாங்கன்னு சொன்னாங்க.

சேரப்போறவங்க காலேஜை நம்பாம ரெண்டு வேலை பண்ணுங்க. வீட்டு பீரோவுல உங்க அப்பா பேர்ல இருக்கற பத்திரத்தை எடுத்து, அதோட தாய்ப் பத்திரத்தையும் எடுத்து, வில்லங்கச் சான்று போட்டு, வரிக்கு வரி ஒப்பிட்டுப் படிங்க, செக்குபந்தியைப் படிச்சிட்டு வெளிய போய் வாசல்ல நின்னு பாருங்க, சரியா இருக்கான்னு. ரெண்டாவது, லீவுல ஏதாவது ஒரு வக்கீல் ஆபீஸுக்குப் போய் முன்சீப் கோர்ட்ல ரிட்டர்ன் ஆன பிளைன்ட்டெல்லாம் கேட்டு வாங்கிப் பாருங்க, எதுக்கு ரிட்டர்ன்னு பின்னாடி எழுதியிருப்பாங்க, எந்த புக்கும் அவ்வளவு தெளிவா சொல்லித் தராது. அப்புறம் குமாஸ்தாவை அண்ணான்னு கூப்பிடுங்க, டீ வாங்கிக் குடுங்க, சொல்லிட்டேன்.

என் ரெக்கார்டு இப்ப என்கிட்ட இல்ல. போன வருஷம் எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் அதே காலேஜ்ல சேந்திருக்கான், பாத்துட்டுத் தர்றேண்ணான்னு வாங்கிட்டுப் போனான். இதை எழுதும்போதுதான் ஞாபகம் வந்து, 19ல செக்குபந்தி தப்புடா, மாத்திக்கோன்னு நேத்து அவனுக்கு போன் பண்ணேன். அண்ணா அது முடிச்சு கையெழுத்தே வாங்கியாச்சுண்ணா, 3க்கு 3 போட்டாங்கன்னான். ரெக்கார்டைக் குடுடான்னா, ஜெராக்ஸ் கடையில ஸ்பைரல் போடக் குடுத்திருக்கானாம்.